இரண்டு துண்டாக வந்த காற்று

அவளுக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் ஒரே பெயர்தான்: ரெண்டுதரம். எதையும் இரண்டு தரம் கேட்பாள், இரண்டு தரம் பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேருந்து ஏறுவாள். பெயர் வைத்த புண்ணியவதி தங்கை. ஏழு வயது இளையவள், அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ், வாய் ஓயாதவள். "எங்க அக்கா பொறக்கறப்பவே ரெண்டு தரம் யோசிச்சுட்டுத்தான் வெளிய வந்தா" என்பாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பயம் அவளுக்கு ஒருநாளும் சிரிப்பு விஷயமாக இருந்ததில்லை. காலையில் கண் விழிக்கும்போதே வயிற்றில் ஒரு பிடி மண் கிடப்பதுபோல் இருக்கும். எதற்கென்று பிறகுதான் தேடுவாள்.

இந்தச் சுபாவத்தோடு அவள் வேலை பார்த்தது ரோப்கார் நிலையத்தில். ஆற்றைக் கடக்கும் கம்பியில் பதினான்கு பெட்டிகள், பெட்டிக்கு ஆறு பேர், ஆற்றின் நடுவே ஒரே ஓர் இரும்புத் தூண். அவள் அதில் ஏறியதே இல்லை. பாலத்தைச் சுற்றிக்கொண்டு பேருந்தில்தான் அக்கரை போவாள். நிலையத்துக் கணினிகளுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை.

தூணின் உச்சியில் காற்றை அளக்கும் கருவி இருந்தது. நொடிக்கு ஒரு தரம் எட்டு பைட் கொண்ட ஒரு செய்தியை ரேடியோ வழியாக அனுப்பும். அது கணினியில் பஃபர் என்ற தொட்டியில் வந்து விழும். தொட்டியிலிருந்து அள்ளி, எட்டையும் கூட்டிச் சரிபார்த்து, காற்றின் வேகத்தை எண்ணாக்கித் திரையில் காட்டுவது அவள் எழுதிய நிரல். அள்ளியது எட்டுக்குக் குறைவாக இருந்தால் பழுது என்று கொட்டிவிடும். முதலில் அப்படிக் கொட்டும்போதெல்லாம் திரை ஒரு நொடி வெறுமையாகும். பெட்டிகளை ஓட்டும் விசைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "என்னம்மா, உன் திரை என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது" என்றார். அவர் ஐம்பத்தைந்து வயது ஆள், முன்கோபி. அவளும் சரியென்று, புதுச் செய்தி வரும்வரை பழைய எண்ணே நிற்கட்டும் என்று மாற்றிவிட்டாள். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அன்று பிற்பகல் மூன்றே முக்கால். மாடி அறையில் அறிக்கை தட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தங்கை.

"அக்கா, ஒன்பதாம் நம்பர் பெட்டியில இருக்கேன். இங்க காத்து பிய்ச்சு எடுக்குது. பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆடுது. ஏன் இன்னும் வேகத்தைக் குறைக்கல?"

குரலில் கிண்டல் இல்லை. ரெண்டுதரத்துக்கு அதுவே போதும். மேசைமேல் இருந்த திரையைப் பார்த்தாள். நொடிக்கு ஆறு புள்ளி இரண்டு மீட்டர். பதினைந்தைத் தாண்டினால்தான் பெட்டிகளை ஆமை வேகத்துக்குக் குறைக்க வேண்டும். நிலையம் பெரிய கிடங்கு ஒன்றின் மறைவில் இருந்ததால் வெளியே மரத்தில் இலைகூட அசையவில்லை.

"இங்க ஆறுன்னு காட்டுதே..."

"உன் ஆறை நீயே வெச்சுக்க. இங்க ஒருத்தர் அழுதுக்கிட்டிருக்காரு."

அவள் திரையையே பார்த்தாள். ஆறு புள்ளி இரண்டு. பத்து நொடி ஆயிற்று. இருபது. ஆறு புள்ளி இரண்டு. காற்று என்றால் ஒரு நொடி இருந்த மாதிரி அடுத்த நொடி இருக்காது. எண் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இது ஆணி அடித்த மாதிரி நின்றது. வந்து விழும் பைட்டுகளை அப்படியே காட்டும் இன்னொரு சாளரத்தைத் திறந்தாள். ஐந்து பைட். அப்புறம் மூன்று. மறுபடி ஐந்து, மூன்று. உச்சியில் காற்று அடிக்க அடிக்க ஆன்டெனா ஆடி, ஒவ்வொரு செய்தியும் இரண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. அவள் நிரல் முதல் துண்டையும் பழுது என்று கொட்டியது, மீதித் துண்டையும் பழுது என்று கொட்டியது. மீதி வரும்வரை முதல் துண்டைக் கையில் வைத்திரு என்று அவள் அதற்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. காற்று இல்லாத நாளெல்லாம் ஒழுங்காக ஓடி, காற்று வந்த நாளாகப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும் ஒன்றை அவள் எழுதி வைத்திருந்தாள்.

படியில் எப்படி இறங்கினாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. மடிக்கணினியை மார்போடு அணைத்திருந்தது மட்டும் நினைவிருந்தது.

"அண்ணே, வேகத்தைக் குறைங்க. நடு ஆத்துல காத்து ஜாஸ்தியா இருக்கு."

விசைக்காரர் திரும்பவே இல்லை. "திரை ஆறுன்னு சொல்லுது."

"திரை தப்பு."

"போன மாசம் ரெண்டு தடவை இப்படித்தான் ஓடி வந்தே. நிறுத்தினேன். ஒண்ணும் இல்லை. ஜனங்க என்னைக் கிழிச்சுட்டாங்க. உனக்குப் பயம்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

அவர் சொன்னது பொய்யில்லை. தன் குரல் நடுங்குவது அவளுக்கே கேட்டது. நடுங்கும் குரலை யார் நம்புவார்கள்? ஜன்னல் வழியே முதல் இரண்டு பெட்டிகள்தான் தெரிந்தன, அவை சமர்த்தாக வந்துகொண்டிருந்தன. மற்றதெல்லாம் கிடங்குக் கூரைக்கு அப்பால்.

"அண்ணே, தப்பு என்னுது" என்றாள். "புரோகிராமை நான்தான் தப்பா எழுதியிருக்கேன். அந்த ஆறு எப்பவோ வந்த பழைய நம்பர். இப்ப என்ன காத்துன்னு அதுக்குத் தெரியவே தெரியாது."

அப்போதுதான் அவர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். கை தானாகவே நெம்புகோலைக் கீழே இழுத்தது.

"சரி, இப்ப எவ்வளவு?"

அவள் தரையிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். எழுத்தும் எண்ணும் கலந்த வரிகள் ஓடின; பத்துக்குப் பதில் பதினாறாக எண்ணும் கணினிக் கணக்கு, அதில் ஏ என்றால் பத்து, சி என்றால் பன்னிரண்டு. ஒவ்வொரு செய்தியும் ஓர் அடையாள பைட்டில் தொடங்கும். அதையும் சேர்த்து எண்ணினால் ஆறாவது பைட் காற்று. ஐந்து முதல் துண்டில், ஆறாவது அடுத்த துண்டின் தலையில். சி இரண்டு. பன்னிரண்டு பதினாறு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, கூட இரண்டு, அதைப் பத்தால் வகுக்க வேண்டும்.

"பத்தொன்பது புள்ளி நாலு."

அவர் முகம் சுண்டிப்போனது. பத்தொன்பதில் பெட்டி தூணைக் கடந்தால் பக்கவாட்டில் மோதும். நடுவழியில் நெடுநேரம் நிறுத்தி வைத்தாலோ ஆட்டம் இன்னும் கூடும். காற்று சற்றுத் தணியும் நேரம் பார்த்து ஒவ்வொரு பெட்டியாகத் தூணைத் தாண்டவிட வேண்டும். அந்த நேரத்தைச் சொல்ல வேண்டிய நிரல் சொல்லாது.

"நீயே சொல்லு. சொல்லிக்கிட்டே இரு."

அவள் சொன்னாள். இருபது. பதினெட்டு. பதினான்கு, விடுங்க. பத்தொன்பது, பிடிங்க. உடைந்த துண்டுகளை மனசுக்குள் ஒட்டி, பதினாறால் பெருக்கி, வாயால் கத்தினாள். ஐந்தாம் நம்பர் தாண்டியது. ஏழு தாண்டியது. எட்டு தாண்டியது. இன்னும் தாண்டாமல் ஆளோடு இருந்தது ஒன்பது மட்டும்.

ஆறு ஈ. ஆறு பதினாறு தொண்ணூற்றாறு, கூடப் பதினாலு.

"பதினொண்ணு, விடுங்க!"

பெட்டி நகரத் தொடங்கிய பிறகுதான் அடுத்த வரி வந்தது. டி பூஜ்யம். இருபது புள்ளி எட்டு. அவள் முந்தின வரியை மறுபடி எண்ணினாள். அதில் மொத்தமே ஏழு பைட்தான் இருந்தது. நடுவில் ஒன்று வழியிலேயே தொலைந்திருந்தது. ஆறாவது என்று அவள் எடுத்தது ஏழாவது. எட்டையும் கூட்டிப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும், கூட்ட நேரமில்லை.

"பிடிங்க! அண்ணே, பிடிங்க!"

நெம்புகோல் நின்றது. கம்பி நெடுக ஓர் அதிர்வு வந்து அறையின் கண்ணாடியை நடுக்கியது. பெட்டி தூணில் மோதிய சத்தம் அவ்வளவு தூரத்திலிருந்து கேட்க வாய்ப்பில்லை. ஆனாலும் கேட்டதாகவே அவள் இன்றுவரை நம்புகிறாள்.

தங்கைக்குப் போன் அடித்தாள், எடுக்கப்படவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கப்படவில்லை. விசைக்காரர் தோளில் தட்டினார். "நம்பர் சொல்லும்மா. இன்னும் முடியல." கண் தெரியாமல் நீர் கட்டியது, புறங்கையால் துடைத்துக்கொண்டு எண்ணினாள், இந்தத் தடவை எட்டையும் கூட்டினாள். பதினேழு. பதினாறு. பதிமூன்று புள்ளி ஒன்று.

"விடுங்க."

ஒன்பதாம் நம்பர் பெட்டி கூரைக்கு மேல் தலைகாட்டியபோது அதன் ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. கதவு திறந்ததும் நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவர் நெற்றியில் தங்கையின் துப்பட்டா கட்டியிருந்தது. கடைசியாகத் தங்கை, வலது மணிக்கட்டை இடக்கையால் தாங்கியபடி, உதடு வெளுத்து.

"நான் நல்லாத்தான் இருக்கேன். முதல்ல அவரைப் பாரு" என்றாள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அக்காவுக்கு ஒரு சொட்டு வரவில்லை.

மறுநாள் அவள் அறிக்கை எழுதினாள். துண்டுகளைச் சேர்க்காதது என் தவறு, பழைய எண்ணைத் திரையில் நிறுத்தி வைத்தது என் தவறு, ஒன்பதாம் பெட்டியின்போது தவறாகப் படித்தது நான் என்று. தலைமைப் பொறியாளர் மூன்றாவதை எடுத்துவிடச் சொன்னார். "யாரும் கேட்கலையேம்மா." அவள் எடுக்கவில்லை. மூன்று மாதம் பதவி உயர்வு தள்ளிப்போனது, வேலை போகவில்லை. நிரலைத் திருத்த நாற்பது வரிகூட ஆகவில்லை. இப்போது அது முழுச் செய்தி சேரும்வரை துண்டுகளைக் கையில் பிடித்திருக்கும், பைட் தொலைந்தால் அடுத்த அடையாளத்தைத் தேடிப் போகும், மூன்று நொடிக்குப் புது எண் வராவிட்டால் எண்ணை அழித்துவிட்டு மணி அடிக்கும். விசைக்காரர் மணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கையிடம் சொல்லத்தான் மூன்று வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கை வீட்டுச் சமையலறையில், கட்டுப்போட்ட கையால் முடியாமல் அவள் ஒரு டப்பாவை நீட்டி, "இதைத் திறந்து குடு" என்றபோது, திறந்து கொடுத்துவிட்டு அக்கா சொன்னாள்.

"என் பெட்டியை விடச் சொன்னது நீயா?"

"ஆமா. தப்பா எண்ணிட்டேன்."

தங்கை டப்பாவைக் கீழே வைத்தாள். கிண்டல் ஏதாவது வரும் என்று அக்கா காத்திருந்தாள். வரவில்லை.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"இனிமே உன்னைப் பார்க்கறப்பல்லாம் அந்தச் சத்தம் ஞாபகம் வரும்க்கா." இடக்கையால் டப்பாவை மறுபடி எடுத்தாள். "கொஞ்ச நாளைக்கு வரும். நீ பாட்டுக்கு வந்துக்கிட்டு இரு."