முதலில் யார் இறங்குவது?

சுவிஸில், எங்கள் ஷ்லீரன் ஊர்க் கிரிக்கெட் அணிக்கு நான்தான் கப்டன். இன்று வேலை முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். பக்கத்தில் வந்து அமர்ந்தவர் எங்கள் அணியின் சுதன் அண்ணை.

"ஞாயிறு நான் ஓப்பனிங் இறங்கட்டோ?"

"அஞ்சாவதா இறங்குங்கோ அண்ணை. போன மட்ச்சில முதல் பந்திலேயே அவுட் ஆகிட்டியள்."

என் நிறுத்தம் வந்தது. நான் எழுந்தும் அவர் காலை நகர்த்தி வழிவிடவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

"மகள் முதல்தரமா என்ர மட்ச் பார்க்க வாறாள். பாதியில வேலைக்குப் போயிடுவாள். அஞ்சாவதெண்டால் நான் அடிக்கிறதைக் காணமாட்டாள்."

"சரி, நீங்களே ஓப்பனிங்" என்றேன். உடனே எழுந்து வழிவிட்டார்.

வழக்கமாக ஓப்பனிங் இறங்குவது என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. வீட்டு வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே போகாமல் நிற்கிறேன்.

உங்களில் யாராவது அவனுக்கு ஃபோனில் ஒரு கோல் எடுத்துச் சொல்வீர்களா?