வள்ளியின் உயரத்துக்கு ஒரு வண்டி

ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டு விற்ற கார் கப்பலில் ரங்கூனுக்கு வந்து இறங்கியதும், அதன் கதவைத் திறந்தால் ஒரு வாசனை வரும். பிளாஸ்டிக்கும் பழைய சிகரெட்டும் சேர்ந்த வாசனை... இறக்குமதியைத் தாராளமாக விட்ட அந்த வருஷங்களில் எங்களுக்கு அதுதான் அத்தர். வாங்க வழியில்லாதவர்கள்கூட புரோக்கர்கள் கூடும் இடத்துக்குப் போய், கதவைத் திறந்து மூக்கை நுழைத்துவிட்டு வருவோம்.

எனக்கு வாங்க ஒரு காரணமும் கிடைத்தது.

ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருந்தேன். என் வாடிக்கையாளரான ஒரு வெள்ளைக்காரர் நாட்டுக்குத் திரும்பும்போது, தன்னுடைய கேம்பரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டு சக்கரத்தில் ஒரு குட்டி வீடு. உள்ளே மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. எல்லாம் இருந்தது... இழுக்கத்தான் வண்டி இல்லை.

என் மனைவி வள்ளி பிறந்ததிலிருந்து ரங்கூன் ஆற்றைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்ததில்லை. மகள் மீனாவும் அப்படித்தான். கடற்கரை ஓட்டல் நமக்குக் கட்டாது. கேம்பர் இருந்தால் ஓட்டல் நம் பின்னாலேயே வரும். ஆனால் கடலுக்குப் போகிற வழியில் பத்தேன் ஊரைத் தாண்டியதும் மலைப்பாதை. இத்தனை வருஷச் சேமிப்பும் ஒரே வண்டியோடு சரி. அதில் ஏமாந்தால் சேமிப்பும் போச்சு, கடலும் போச்சு.

எட்டாவது வரை படித்த நான், இதில் மட்டும் இன்ஜினியராகிவிட்டேன். எத்தனை சி.சி., டீசலா, எவ்வளவு எடை இழுக்கும்... கண்டவனிடமெல்லாம் கேட்டேன். கடைசியில் புரோக்கர் கோ மியோ ஒரு ஜீப்பைக் காட்டினார். யானை மாதிரி உடம்பு. பின்னால் இழுவைக் கொக்கி வேறு ரெடியாக இருந்தது. அப்போதே மனசுக்குள் அதில் நாலு தெரு சுற்றி வந்துவிட்டேன்.

“ஆக்கோ, இது மலையையே இழுக்கும்” என்றார் கோ மியோ. ஆக்கோ என்றால் அண்ணன்.

அட்வான்ஸ் கொடுக்கக் கை பைக்குள் போனது. கூட வந்திருந்த வள்ளி கையைப் பிடித்தாள்.

“ஏங்க, அந்தப் பெட்டிய மாட்டி ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுக் குடுங்களேன்.”

வெளியூர் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பர்மாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஜப்பான் கார்களுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முன்னால் ஒரு லாரி போனால், எதிரே வருவது ஓட்டுபவனுக்குத் தெரியவே தெரியாது. இடது சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்து “போ” என்றால்தான் முந்தலாம். எங்கள் ஊரில் எத்தனையோ ஆண்கள் மனைவியின் வாயை நம்பித்தான் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

பத்தேன் ரோட்டில் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. பின்னால் கேம்பர். பின் சீட்டில் கோ மியோ.

“வள்ளி, வருதா?”

“இருங்க... ஒண்ணும் தெரியல...” அவள் சீட்டில் முட்டி போட்டு எழுந்தாள். “ம்... இல்ல போல... போங்க...”

லேசாக ஒடித்து வெளியே எடுத்தேன்.

“ஐயோ வருது! வருது!”

பிரேக்கை மிதித்தேன். கேம்பர் பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. எக்ஸ்பிரஸ் பஸ் ஒன்று ஹாரன் அலற, எங்களைத் தொடாத குறையாகப் போனது. வண்டியை ஓரம் கட்டினேன். கோ மியோ “ஃபயா, ஃபயா” என்று புத்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வள்ளி என் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு பானெட்டுதான் தெரியுது, ரோடு எங்க தெரியுது? இன்ஜின் எவ்வளவுன்னு ஊரெல்லாம் கேட்டீங்க. நான் எவ்வளவு உயரம்னு கேட்டீங்களா?”

வள்ளி என் தோளுக்குக் கீழே. கல்யாண போட்டோவில் பலகை மேல் நிற்க வைத்தோம்.

“ஒரு தலையணை போட்டுக்கலாமே...” என்றேன்.

அவள் பார்த்த பார்வையில் ஏ.சி.யே போட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வள்ளியே வண்டி பார்க்கப் புறப்பட்டாள். ஒவ்வொரு வண்டியிலும் இடது சீட்டில் ஏறி உட்கார்வாள். கோ மியோ முன்னால் போய்க் குந்திக் கையை ஆட்டுவார். கை தெரியாவிட்டால், வண்டி ஃபெயில்.

“மா வள்ளி, கார் வாங்க வந்தீங்களா, சினிமாவுக்கு சீட் பாக்க வந்தீங்களா?” என்று மற்ற புரோக்கர்கள் சிரித்தார்கள்.

“டிரைவர் குருடு. நான்தான பாக்கணும்” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

பாஸானது மூக்கே இல்லாத ஒரு டீசல் வேன். கண்ணாடிக்குப் பக்கத்திலேயே சீட். ரோடு காலடியில் வந்து விழுந்தது. அசல் ஃபெர்ரி வேன், அதாவது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் மாதிரி இருந்தது. ஜீப்போடு ஒப்பிட்டால் எனக்கு அழுகைதான். ஒரு வெல்டரிடம் கொடுத்துக் கொக்கி வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

போகிற வழியெல்லாம் “இருங்க... இருங்க... இப்ப போங்க.” மலையில் மாடு மாதிரி மெதுவாக ஏறினோம். திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் வள்ளியின் கை டேஷ்போர்டில், கண் ரோட்டில். கடற்கரையில் மீனா குதித்து ஓடினாள். வள்ளி மணலில் உட்கார்ந்து, “அப்பாடா, எதிர்ல ஒண்ணும் வரல” என்றாள்.

அந்த வேனில் பல வருஷம் சுற்றினோம். ஒரு கீறல் இல்லை. இப்போது மீனா கல்யாணமாகிப் போய்விட்டாள். கேம்பரை வாங்கியவர்கள் க்யிம்யிண்டைங் படகுத்துறை பக்கம் அதில் டீ விற்கிறார்கள். பெட்ரோல் கிடைக்கிற லட்சணத்தில் யார் மலைக்குப் போவது... இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள ஒரு சின்னக் காரில், மாதம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய் வருவதோடு சரி.

எதிரே வருவது இப்போது எனக்கே தெரிகிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

போன வாரம் திரும்பி வரும்போது பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். வள்ளி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் என் வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

முன்னால் ஊர்ந்த லாரி பின்னாலேயே மெதுவாக வந்தேன். முந்தத் தோன்றவில்லை.