வயிற்றுவலி என்று சொல்லி வாங்கிய மாத்திரை

சட்டைக் கம்பெனியில் அவளுக்குக் காலர்க்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பள நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். நூல் பிசிறு வெட்டுகிறவளாக உள்ளே வந்து, பட்டன் வைத்து, கை தைத்து, கடைசியில் காலர் மெஷினுக்கு வந்து சேர்ந்தவள். காலரைக் கழுத்தோடு பொருத்துவது எல்லாருக்கும் கைவராது. வளைவில் இரண்டு கையும் துணியை ஒரே அளவாக நகர்த்த வேண்டும். ஒரு கை முந்தினால் காலர் கோணிக்கொள்ளும். போடுகிறவன் கழுத்துச் சுளுக்கியவன் மாதிரி நிற்பான். அவள் தைத்தது திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அந்த மெஷினுக்குத்தான் ஆபத்து. வயிறு தெரிய ஆரம்பித்தால் மறுபடி பிசிறு வெட்டும் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். பெற்றுப் பிழைத்துத் திரும்பினால் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். முதல் பிள்ளைக்கு அப்படிப் போனதை மீட்க நாயாய் அலைந்தாள். இன்னொரு முறை தெம்பில்லை. ஆகவே கருத்தடை மாத்திரை. மாமியாரும் மறுக்கவில்லை. பெற்ற மகனுக்கு எந்த வேலையும் ஒட்டாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

இதற்கு நடுவில் ஒரு தலைவலி இருந்தது. சிறு வயதிலிருந்தே இருந்தது. முதலில் கண்ணோரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம் கிளம்பிப் பெரிதாகும். எதிரே நிற்பவர் முகத்தில் பாதி காணாமல் போகும். பிறகு பாதி மண்டையில் உளி இறங்கும். பெண் பார்க்க வந்த முதல் இடத்தில் அம்மா இதை யதார்த்தமாகச் சொல்லித் தொலைத்தாள். "மூளைக் கோளாறு" என்று சொல்லி, முன்னால் வைத்த தட்டைக்கூடத் தொடாமல் அவர்கள் எழுந்து போனார்கள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அம்மாவுக்கு ஒரே பொய் போதுமாயிருந்தது. அடுத்த இடம் வருவதற்கு முன் மகளின் தாடையைப் பிடித்து, "தலைவலின்னு ஒரு வார்த்தை வந்துச்சு, நாக்கை அறுத்துருவேன். வந்தா வயித்துவலின்னு சொல்லுடி. பொம்பளைக்கு வயித்துவலி இல்லாத வீடு எது?" என்றாள்.

அப்படியே சொன்னாள். தலை பிளக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறார்கள். இவள் மறைத்தாள், மறைந்தும் போனது. கட்டிய புருஷனுக்கே தெரியாது.

டாக்டரம்மாவின் அறையில் மாமியார்தான் முதலில் உட்கார்ந்தாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. இவங்ககிட்ட தனியா சிலது கேக்கணும்."

"நான் என்ன வேத்தாளா? எனக்குத் தெரியாம இவளுக்கு என்ன இருக்கு?"

வெளியே கூட்டம் நெரிந்தது. டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. இரண்டு மாத்திரை அட்டைகளை மேஜையில் போட்டார்.

"இதுல ஒரே மருந்துதான். தெனம் அதே நேரத்துக்குப் போடணும், மாசக்கணக்கு முன்னப்பின்ன ஆகும். இது ரெண்டு மருந்து சேர்ந்தது. மாசாமாசம் ஒழுங்கா வரும், அந்த நேரத்து வலியும் குறையும்."

"அப்ப இதையே குடுங்க," மாமியார் முந்திக்கொண்டாள். "இவளுக்கு வயித்துவலி சொல்லி மாளாது டாக்டர். சுருண்டு சுருண்டு படுத்துக்குவா. நான்தான் பக்கத்துல உக்காந்து ஒத்தடம் குடுப்பேன்."

பொய்யில்லை. வலிக்காத வயிற்றுக்கு அவள் அவ்வளவு அன்பாக ஒத்தடம் கொடுத்திருக்கிறாள்.

"தலைவலி வருமா உங்களுக்கு? கண்ணுல பல்லுப் பல்லா வெளிச்சம் தெரிஞ்சு வர்ற மாதிரி? அது இருந்தா இதைத் தர மாட்டேன். மூளைல ரத்தம் அடைச்சுக்கும்."

இதைவிடத் தெளிவாக எவரும் கேட்க முடியாது. காலர்க்காரி மேஜையில் கிடந்த அட்டையையே பார்த்தாள். மாமியார் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இல்லைங்க டாக்டர்."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, இந்த மாத்திரை எனக்கு ஆகாதாம். நான் மட்டும் போய் உண்மையைச் சொல்லி மாத்திட்டு வந்துர்றேன்."

"மாத்துனா ஏன்னு கேக்க மாட்டாளா உன் மாமியா? தங்கச்சிக்கு இப்பத்தான்டி ஒரு இடம் அமைஞ்சிருக்கு. அக்காவுக்கு இருந்தா இவளுக்கும் இருக்கும்பாங்க. டாக்டருங்க அப்படித்தான் பயங்காட்டுவாங்க. ஊரே முழுங்குது, உனக்கு மட்டும் என்ன கேடு?"

விழுங்கினாள். வாயில் போடுவது போல் போட்டுத் துப்பிவிடவும் வழியில்லை; மாமியார் மறக்காமல் தண்ணீரும் மாத்திரையுமாக எதிரே வந்து நிற்பாள். வெளிச்சம் அடிக்கடி வந்தது. அவளும் அடிக்கடி வயிற்றைப் பிடித்தாள். "நாள் போனா சரியாயிரும்மா, விடாமப் போடு," என்று மாமியார் தேற்றினாள்.

ஒரு மதியம் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது வந்த வெளிச்சம் போகவே இல்லை. இடது கை துணியை நகர்த்தியது. வலது கை ஊசிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. தைத்துக்கொண்டிருந்த காலர் கோணியது. "என்ன காலர்க்காரி, தூக்கமா?" என்று சூப்பர்வைசர் அதட்டினான். பதில் சொல்லத் திறந்த வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமியார். சின்ன வயது டாக்டர் ஒருவர் வந்தார்.

"இதுக்கு முன்னாடி இவங்களுக்குத் தலைவலி உண்டா? கண்ணுல வெளிச்சம் தெரியுமா? சரியாச் சொல்லுங்கம்மா, வைத்தியம் அதைப் பொறுத்துத்தான்."

அம்மா சம்பந்தியை ஒரு பார்வை பார்த்தாள். "ஐயோ, தலைவலின்னு ஒருநாள் படுத்தவ இல்லை சார். வயித்துவலி மட்டும்தான்."

"ஆமா சார்," மாமியார் மூக்கைச் சிந்தினாள். "அதுக்குன்னே பாத்து நல்ல மாத்திரையா வாங்கிக் குடுத்தேன்."

காலர்க்காரிக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. இப்போது அவளுக்கு யார் மேலும் பயமில்லை. மாமியார் துரத்தட்டும், தங்கச்சி கல்யாணம் நிற்கட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வெறி வந்தது. உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தாள். "த்... த்..." என்று காற்றுதான் வந்தது.

"என்னமோ சொல்ல வர்றா, பாருங்க," என்று மாமியார் குனிந்தாள்.

"தண்ணி கேக்குறா," என்றாள் அம்மா.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பெற்றவள் ஸ்பூனை அவள் பல்லிடுக்கில் நுழைத்துத் தண்ணீரை ஊற்றினாள். அது கழுத்தில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, இன்னொரு ஸ்பூன் ஊற்றினாள்.