சாத்திய ஜன்னலும் தயிர்ச்சோறும்

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, முதல் மாடியில் வாடகை வீடு கிடைத்தபோது, அரண்மனையே கிடைத்த மாதிரி ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். படி இறங்கினால் பஸ் ஸ்டாப். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் குறைவில்லை. காலையில் துடைத்த தரையில் மதியம் நடந்தால் உள்ளங்கால் கறுத்துவிடும்.

மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது இளைப்பு வந்தது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் சத்தம். நான் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். பால் கொடுக்கிறவள் என் மனைவி. அவளுக்கோ தயிர் இல்லாமல் சோறு இறங்காது.

"நீ தயிரா ஊத்தி அடிக்கிற, பிள்ளைக்குச் சளி கட்டுது," என்றேன்.

அன்றிலிருந்து அவள் ரசத்தோடு எழுந்துவிடுவாள். அடுத்து வாழைப்பழத்தை நிறுத்தினேன், அவள் தலைக்குக் குளிப்பதையும் குறைத்தேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் வீட்டிலேயே தொடங்கியிருந்தேன்.

என் பங்குக்கும் சும்மா இருக்கவில்லை. லாரிப் புகை வரக் கூடாதென்று ரோட்டுப் பக்க ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் செய்தித்தாளைத் திணித்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டியதும், தலை ஈரம் போகட்டும் என்று அந்த மூடிய அறையில் சாம்பிராணி போட்டேன். சாயங்காலமானால் தொட்டிலுக்குப் பக்கத்தில் கொசுவத்திச் சுருள். பொறுப்பான அப்பா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குரோம்பேட்டையில் பார்த்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "ஜன்னலைத் திறந்தா ரோட்டுப் புகை, சாத்தினா நீங்க போடுற புகை. குழந்தை எங்க சார் போய் மூச்சு விடும்? சாம்பிராணி, கொசுவத்தி ரெண்டையும் விடுங்க. கொசுவலை கட்டுங்க. முடிஞ்சா உள் தெருவுல வீடு பாருங்க."

"இவ தயிர் சாப்பிடுறது..." என்று இழுத்தேன்.

"தயிர் என்ன பண்ணுச்சு? அவங்க தாராளமா சாப்பிடட்டும்."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதமே ஊரப்பாக்கத்தில் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு வீட்டுக்குப் போனோம். இளைப்பு மெல்லக் குறைந்தது. ஒருநாள் மதியம் நானே ஒரு கிண்ணத்தில் தயிர் எடுத்துவந்து அவள் தட்டருகே வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வராதவன் வேறென்ன செய்வான்?

அவள் கிண்ணத்தை மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள்.

"வேணாங்க. டாக்டர் சொன்னது சரிதான். ஒருவேளை நீங்க சொன்னதும் நிஜமா இருந்துட்டா?"