மீன்காரர் காட்டிய டயர்

2004-ம் வருஷம் ஜனவரி மாதம். அரியலூரிலிருந்து செந்துறை போகும் வழியில், நாலு ஊருக்கு நான் ஒருத்திதான் கிராம சுகாதாரச் செவிலியர். நாலு ஊர் போதாதென்று ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியும் என் எல்லைக்குள் வந்தது. குவாரி ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, கல் உடைக்க வந்த வெளியூர்க் குடும்பங்கள் இருந்தன. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருபத்தேழு பேர். போலியோ சொட்டு மருந்து முகாம் முடிந்த மறுநாள், விட்டுப்போன பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய் ஊற்ற வேண்டும். கொட்டகைப் பிள்ளைகள் எல்லாருமே விட்டுப்போன கணக்குதான். முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவர்களை யார் தூக்கிவருவார்கள்?

காலை எட்டு மணிக்குக் குவாரிச் சங்கு ஊதும். அம்மாக்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெளியாள் உள்ளே போக முடியாது. நல்ல ரோடு ஒன்று உண்டு, அது லாரிக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பின்பக்கம் மூன்று கிலோமீட்டர் கல் பாதை. பாதை என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் உடைந்தால் அரிவாள் விளிம்பு மாதிரி உடையும். அந்தச் சில்லுகள்தான் வழியெல்லாம் நிமிர்ந்து நிற்கும்.

என்னிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. பாதையின் பாதியில் பின் டயர் போய்விட்டது. பஞ்சர் இல்லை, பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை உருட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஹாரன் அடித்தபடி ஒரு மொபெட் வந்தது. கொட்டகையில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் மீன்காரர். நிறுத்தி, இன்னும் கிழியாத என் முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இது டயரா, உரலா? எவ்ளோ காத்து வச்சிருக்கீங்க நர்சம்மா?"

"கல்லு பாதைன்னு நாப்பது வச்சேன். இப்ப அதுக்கென்ன?"

"அதான் கெடுத்துது. இவ்ளோ விறைப்பா இருந்தா கல்லு மேல ஏறாது, வழுக்கிக்கிட்டுப் போயி ஓரத்துல வெட்டும்."

"மீனப் பாருங்கண்ணே. வண்டிய நான் பாத்துக்குறேன்" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே கால். ஒரு கிழவரும் இரண்டு நாய்களும்தான் இருந்தார்கள். இருபத்தேழு பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட மருந்து போகவில்லை.

மறுநாள் ஆபீஸில் மேற்பார்வையாளர் என் ரிஜிஸ்டரைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் தலைவலி வேண்டாதவர்.

"ஏம்மா, அங்க வண்டி போவாது. பூட்டிய வீடுன்னு போட்டுடு. அடுத்த தடவையும் அப்படியே போட்டுடலாம்."

"பூட்டுறதுக்கு அங்க கதவே இல்ல சார்."

"வாய் பேசாதம்மா. சரி, அடுத்த முகாமுக்கு நானே ஜீப்புல வந்து பாக்கறேன். ஜீப்பே போவலன்னா அந்த எடத்த லிஸ்ட்லேருந்து எடுத்துடுவேன்."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மேல் வந்த கோபம் கொஞ்சம்தான். வண்டி போகாது என்று அவர் சொன்ன அதே பாதையில் ஒரு ஆள் தினமும் மீன் பெட்டியோடு போய்வருகிறார். அவரிடம் கேட்காமல், சொல்ல வந்தவரையும் விரட்டியிருக்கிறேன். அது யார் தப்பு?

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மீன்காரர் மீன் வெட்டிக்கொண்டிருந்த மரத்தடிக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் எனக்கு வாயில் வராது. "டயர் காட்டுங்கண்ணே" என்றேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எல்லாரும் தரையில படுற பட்டையத்தான் பாப்பாங்க. நீங்க பக்கத்தப் பாருங்க. கல்லு அங்கதான் வெட்டும். கிள்ளிப் பாத்தா மடங்கக்கூடாது."

கிள்ளிப் பார்த்தேன். நகம்தான் வலித்தது. கேஸ் சிலிண்டர் தூக்கும் மொபெட்டுக்குப் போடும் லோடு டயர் அது. பக்கச் சுவரில் ரப்பருக்குள் நூல் ஆறு அடுக்கு. என்னுடையதில் நாலு.

"அப்ப காத்து?"

"நான் மீனும் ஐஸும் ஏத்துறவன், எனக்கு அதிகம் வேணும். நீங்க ஒரு பொட்டிதான. பின்னால இருவத்தாறு போதும். அதுக்கும் கீழ எறக்கிடாதீங்க, டியூப்பு நசுங்கிடும்."

அரியலூரில் டயர் கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது வேறு. பெரிய பெரிய ரப்பர் கட்டை வைத்து, பார்க்கவே முரட்டுத்தனமாக இருந்தது. "மலை ஏறுற டயரு மேடம்" என்றார். பக்கத்தைக் கிள்ளினேன். அப்பளம். வேண்டாம் என்று தள்ளிவிட்டு லோடு டயர் கேட்டேன்.

"அது லோடு அடிக்கிறவங்களுக்கு மேடம். லேடீஸ் ஓட்டுனா இடுப்பு போயிடும்."

"இடுப்பு என்னுது. டயர எடுங்க."

இரண்டு சக்கரத்துக்கும் போட்டேன். புது டயர் தடிமனாக இருந்ததால் மட்கார்டில் உரசியது. போல்ட்டுக்கு அடியில் இரண்டு வாஷர் கொடுத்து மட்கார்டைத் தூக்கிக்கொண்டேன். அடுத்த முகாமுக்கு முன்னால் மூன்று தடவை அந்தப் பாதையில் சும்மா போய்வந்தேன். இடுப்பு வலித்தது உண்மை. டயரில் கீறல் விழுந்ததே தவிர, கிழியவில்லை.

மாசி மாத முகாமுக்கு மறுநாள், காலை ஏழு மணி. ஜீப் முன்னால் போனது, நான் பின்னால். ஒரு கிலோமீட்டர் கூடத் தாண்டியிருக்காது, பட்டென்று சத்தம். ஜீப் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தார். பக்கவாட்டில்தான், ஒரு சாண் கிழிசல். ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்றே இல்லை.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் சொன்னேன்லம்மா. விடு, திரும்பிடலாம்."

"நீங்க இருங்க சார். நான் போயிட்டு வரேன்."

"ஏம்மா, ஜீப்பே போவல."

ஜீப்புக்கும் முள் செடிக்கும் நடுவில் இருந்த சந்தில் வண்டியை விட்டேன். கல் மேல் ஏறியது, இறங்கியது, ஏறியது. மருந்துப் பெட்டி முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. கொட்டகைக்குள் நுழைந்தபோது ஏழு இருபத்தைந்து. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களைக் கத்திக் கூப்பிட்டேன். ஆளுக்கு இரண்டு சொட்டு. இடது கை சுண்டு விரலில் மை. ஒரு பயல் என் கையைக் கடித்தான். அவனுக்கும் ஊற்றினேன். கடைசிக் குழந்தைக்கு மை வைத்துக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதியது.

திரும்பி வந்தபோது ஜீப் அதே இடத்தில் நின்றது. மேற்பார்வையாளர் ஒரு பாறை மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீன்காரர், தன் பம்பால் ஸ்டெப்னிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கங்க சார்" என்றேன். "இருபத்தேழு. பூட்டிய வீடு ஒண்ணும் இல்ல."

அவர் பேனாவை எடுத்தார், எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து என் டயரைக் குனிந்து பார்த்து, "இது எங்கம்மா வாங்குன?" என்று கேட்டார். மீன்காரர் தலையை நிமிர்த்தாமல், "மொதல்ல பக்கத்தக் கிள்ளிப் பாருங்க சார்" என்றார். அப்போது எனக்கு வந்த சிரிப்பை இன்று நினைத்தாலும் அடக்க முடியவில்லை.

அந்த இடத்தை லிஸ்டிலிருந்து யாரும் எடுக்கவில்லை. நான் அங்கே இருந்தவரைக்கும் முகாமுக்கு முகாம் போனேன். அந்த டயர் வழுவழுவென்று தேய்ந்துபோனதே தவிர, கிழிந்ததே இல்லை. இப்போதும் யாராவது என்னிடம் "அங்கெல்லாம் போக முடியாது" என்று சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. நேற்று அங்கே போய்வந்தது யார் என்று கேட்டு, அந்த ஆளைத் தேடிப் போகிறேன், வாயை மூடிக்கொண்டு.