மோரிஸ் மைனரில் பாடாத ரேடியோ

இன்று காலை ஈப்போ மார்க்கெட்டில் மிஸ்ஸியைப் பார்த்தேன். பத்து காஜா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானே போய்ச் சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கம். செமோர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ஓர் ஒர்க்‌ஷாப்பில் கார் வயரிங் பழகிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸியின் பழைய மோரிஸ் மைனருக்குப் புது பேட்டரி மாட்டச் சொன்னார்கள்.

அதுவரை நான் தொட்டதெல்லாம் ஜப்பான் வண்டிகள். அவற்றில் நெகட்டிவ் வயரைத்தான் பாடியில் கொடுக்க வேண்டும். அந்த மோரிஸில் பாசிட்டிவ். நான் கை பழகியபடியே மாட்டிவிட்டேன். ரேடியோவில் ‘டப்’பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி தவுக்கே வந்து ரேடியோவைத் திருகிப் பார்த்தார். இதே தவறுக்காகப் போன வாரம்தான் ஒருவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். எனக்கு ரப்பர் மரங்கள் வரிசையாகக் கண்ணில் தெரிந்தன.

"அது ரொம்ப நாளா ரோசாக் லா, கெட்டுப் போயிதான் கெடக்கு, தவுக்கே" என்றார் மிஸ்ஸி.

நான் தப்பித்தேன்.

இன்றுதான் கேட்டேன். "மிஸ்ஸி, அந்த ரேடியோ நெசமாவே முன்னமே கெட்டுப் போச்சா?"

"பாட்டு கேட்டுக்கிட்டேதான் தம்பி உங்க கடைக்கு வந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வண்டிய விக்கிற வரைக்கும் நானேதான் பாடிக்கிட்டு ஓட்டுனேன்."

அவர் கையிலிருந்த மீன் பையை வாங்கிக் கார் வரை தூக்கிப் போனேன்.

"பேட்டரிய ஒருதடவ பாத்துத் தரவா மிஸ்ஸி?"

"வேணாம்பா. இந்த ரேடியோவாச்சும் பாடட்டும்."

நாற்பது வருடமாக வயரிங் பார்ப்பவனுக்கு இந்த மரியாதை. உங்களை இப்படிக் காப்பாற்றிவிட்டு, உங்கள் வேலையை நம்பாமலும் இருப்பவர் யார்?