காளியின் கால்

அந்த அச்சோவியத்தை இப்போது வீட்டில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். பார்க்க முடியவில்லை.

செப்புத்தகட்டில் நானே கீறி, அமிலத்தில் அரித்து எடுத்த தில்லைக்காடு அது. வானம் முழுக்கச் சிவன் தூக்கிய கால். கீழே சேற்றில், சின்னதாகக் காளி. மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹாலில் மாட்டி, மைக் பிடித்து விளக்கினேன்.

"சிவனோட நடந்த ஆட்டப் போட்டியில காளிக்கு ஆடத் தெரியாம இல்ல. பொம்பள அவ்வளவு உயரம் காலைத் தூக்கக் கூடாதுன்னு கூச்சப்பட வச்சாங்க. அதைத் தோல்வின்னு சொல்லி சிதம்பரத்துல ஊர் எல்லைக்கே அனுப்பிட்டாங்க!" பேசப் பேச எனக்குக் கோபம் ஏறியது.

முன்வரிசையில் என் அண்ணன். பக்கத்தில் காலேஜ் படிக்கும் என் மகள், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர், மாமா பக்கத்தில் இப்படியா? பேச்சை நிறுத்தாமலே கண்ணால் அதட்டினேன். காலை இறக்கிவிட்டாள். கூட்டம் கைதட்டியது.

சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"ஏம்மா, காளி ஆடுனப்பவும் முன்வரிசையில மாமா உக்காந்திருந்தாரா?"